ஒரு மைக், மூன்று ‘நல்லாயிருக்கு’

இரண்டு கிழமைக்கு முன்னர் வவுனியாவில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு, ஒரு மைக்கைப் பார்த்து "ஹலோ... ஹலோ..." என்று பத்துப் பன்னிரண்டு தடவையாவது சொல்லியிருப்பேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். கூட்டங்களில் மைக்கை என் கையில் தந்தால், சுடுகிற சட்டியை வாங்கியவள் போல அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவேன். எழுத்தில் மட்டும்தான் எனக்கு வாய். ஆனால் மைக் வாங்கப் போகிறவள் அதை வேறு எப்படிச் சோதிப்பது? எங்கள் பக்கம் கோயில் திருநாள் தொடக்கம் மாதர் சங்கக் கூட்டம் வரை "ஹலோ" சொல்லித்தானே மைக்கைச் சோதிக்கிறார்கள்?

கடைக்காரி பெயர் தவமணி. நாற்பது வயதிருக்கும். மைக்கும் ஸ்பீக்கரும் விற்பதோடு, கல்யாண வீடுகளுக்குச் சவுண்ட் செற் கட்டவும் தானே போகிறவர். என் ஹலோக்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, உங்கடை குரல் நல்ல வடிவு. ஆனா இந்த மைக்கிலை நீங்களோ கதைக்கப் போறியள்?"

"இல்லை. அம்பிளிபயருக்கும் ட்ரம்முக்கும்."

"அப்ப என்னத்துக்கு அதுக்கு ஹலோ சொல்லுறியள்?"

நியாயமான கேள்வி. மைக்கை மேசையில் வைத்தேன்.

மைக் என் வீட்டுக்காரருக்கு. நாயகத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் வம்பளந்திருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிற மனுஷன். முப்பது வருஷமாகப் படகு. கடலுக்குப் போகாத நேரமெல்லாம் கிற்றார். சிநேகிதன் சுப்பிரமணியத்தோடு சேர்ந்து கல்யாண வீடுகளிலும் கோயில் திருநாள்களிலும் வாசிக்கிறார். எங்கள் எல்லாருக்கும் அவர் சுப்பு. முரசுமோட்டையில் வயல் செய்கிறார். தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்தவர்கள். ட்ரம்ஸ் அடிப்பார். வயல் சுப்புவின் ஊரில். ட்ரம்ஸ் எங்கள் வீட்டு ஹோலில். நெல் மூட்டைகளுக்கு இடம் வேண்டும் என்று ஒரு அறுவடைக் காலத்தில் கொண்டுவந்து வைத்தார். எத்தனையோ அறுவடை முடிந்துவிட்டது. ட்ரம்ஸ் போகவில்லை. விருந்தாளிகள் வந்தால் பேஸ் ட்ரம்முக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துகிறேன்.

நாயகத்தின் இன்னொரு குணத்தையும் சொல்லவேண்டும். கரையில் உப்புக்காற்று. இரும்பு என்று ஒன்று இருந்தால் துருவும் இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் சும்மா இருப்பதில்லை. ரோர்ச், போன், அடையாள அட்டை, ரீவி ரிமோட், என்ஜினுக்கு வாங்கி வைத்த மாற்றுப் பிளக்... எல்லாம் பொலித்தீனுக்குள். ஒரு தடவை என்னுடைய மூக்குக்கண்ணாடியையே சுற்றி வைத்துவிட்டார். அதைத் தேடுவதற்கு எனக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சரி, மைக் எதற்கு?

சில மாதங்களாக வீட்டில் ரீவிச் சத்தம் கூடிக்கொண்டே போனது. நான் எதைக் கேட்டாலும் "ஓம்" என்றார். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனுஷன் ஒத்துப்போகத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள், "மீனுக்குப் புளி விடட்டோ, தேசிக்காய் விடட்டோ?" என்று கேட்டேன். அதற்கும் "ஓம்."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

வவுனியா ஆஸ்பத்திரியில் காது கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் நல்ல மனுஷி. கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்தி நேரமெடுத்துச் சோதித்தார். படகில் என்ஜினுக்கு எந்தப் பக்கம் இருப்பீர்கள் என்று கேட்டார். இடது காது என்ஜின் பக்கம். முப்பது வருஷமும் அதே பக்கம்.

"இடது காதிலை பெரும்பகுதி போட்டுது ஐயா. வலதும் குறையத் தொடங்குது. இனி இரைச்சலிலை இருந்து விலகி இருங்கோ. ஆறு மாசத்தாலை வாங்கோ, பாத்திட்டு மெஷின் போடுவம்."

வீட்டுக்கு வந்து, கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல் சும்மா இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்குக் கேட்குமோ, கேட்காதோ என்று ஒரு யோசனை வந்தது பாருங்கள்... அதற்குப் பிறகு அழவும் முடியவில்லை. குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினேன்.

அடுத்த நாள் காலை சொன்னார்: "இஞ்சாரும், அந்த ஆறையும் பதிஞ்சு வைக்கோணும். காது இருக்கேக்கையே."

அந்த ஆறு என்றால் அவர் தானாகப் போட்ட மெட்டுகள். சொல் இல்லாத பாட்டுகள். கிற்றாரும் ட்ரம்மும் மட்டும். பெயரும் வைக்கவில்லை. முதலாவது, இரண்டாவது என்று இலக்கம்தான். மூன்றாவது எனக்காகப் போட்டது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார். உடனே, அப்படி ஒன்றும் இல்லை என்றார். ஆனால் அதை வாசிக்கும்போது என் பக்கம் திரும்பமாட்டார். எனக்குத் தெரியாதா?

முதலில் போனில் பதிந்து பார்த்தார்கள். கதிரையில் போனை வைத்து இருவரும் வாசித்தார்கள். போட்டுக் கேட்டால் ட்ரம் கிற்றாரை விழுங்கிவிட்டது. கிற்றாரைவிடக் காகம் தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டில் விறகு கொத்துகிற சத்தம் ஏறக்குறையத் தாளத்தோடு வந்தது. சுவிசில் இருக்கும் என் தம்பி முன்பு ஒருமுறை வந்தபோது, பாட்டுப் பதிகிற ஒரு சின்னப் பெட்டியும் ஹெட்போனும் விட்டுவிட்டுப் போயிருந்தான். அவை அலுமாரிக்குள் இருந்தன. எப்படி இருந்தன என்று சொல்லத் தேவையில்லை, பொலித்தீனுக்குள்தான். இல்லாதது ஒரு நல்ல மைக் மட்டும்.

அப்படித்தான் வவுனியாப் பயணம். புதுக்குடியிருப்பால் போகும் பஸ்ஸில் ஏறினோம். நாயகத்தின் தோளில் கிற்றார், மடியில் அவருடைய சின்ன அம்பிளிபயர், உரப் பைக்குள். என் மடியில் சுப்புவின் ஸ்னேர் ட்ரம், இன்னொரு உரப் பைக்குள். முரசுமோட்டையில் சுப்பு இரண்டு ட்ரம் குச்சிகளோடு கையை வீசிக்கொண்டு ஏறினார்.

"அக்கா, கனமா இருக்கா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஆனால் வாங்கவில்லை. இருக்கை இல்லாமல் நின்றுகொண்டு வந்ததால் மன்னித்துவிட்டேன். கிளிநொச்சியில் பஸ் மாறியபிறகு ட்ரம் அவர் மடிக்குப் போனது.

இனிக் கடைக்குள் வருவோம்.

நாயகத்துக்குப் பார்த்தவுடன் ஒரு மைக் பிடித்துப்போனது. தடியாக, வெள்ளிப் பளபளப்போடு, கம்பித் தொட்டிலுக்குள் தொங்கியது. தவமணி தலையாட்டினார்.

"அண்ணை, இது கண்டென்சர். சரியான கூர்மையான காது. அடைச்ச அறைக்கை வைச்சுப் பதியிறதெண்டால் இதை விட்டிட்டு வேறை தேடமாட்டன். ஆனா உங்கடை வீட்டு ஹோலிலை இதை வைச்சால், கிற்றாரை விட வேறை என்னென்ன கேக்கும் சொல்லுங்கோ?"

"கடல்" என்றார் சுப்பு.

"காகம்" என்றேன் நான்.

"இவா" என்றார் நாயகம், என்னைக் காட்டி.

தவமணி சிரித்துக்கொண்டே கறுப்பாக, எந்தப் பளபளப்பும் இல்லாத இரண்டு மைக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப உங்களுக்கு டைனமிக்தான் சரி. இதுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

நானும் சுப்புவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாவம், தவமணிக்கு எப்படித் தெரியும்? நாயகம்தான் முதலில் சிரித்தார்.

"பறவாயில்லைத் தங்கச்சி. எனக்குப் பழக்கமான ஆள்தான். மிச்சத்தைச் சொல்லுங்கோ."

தவமணி அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றி அவருடைய வலது பக்கம் வந்து நின்று, அங்கிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். யாரும் சொல்லாமலே எந்தக் காது நல்ல காது என்று கண்டுபிடித்துவிட்டார். சவுண்ட்காரி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

"மந்தமெண்டாலும், கிட்ட இருக்கிறதை வடிவாக் கேக்கும். தூரத்துக் காகத்தைக் கணக்கெடுக்காது. அம்பிளிபயரைக் கூட்டி வைச்சாலும் ட்ரம்மைப் போட்டு அடிச்சாலும் தாங்கும். பற்றரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். விழுந்தாலும் லேசிலை ஒண்டும் ஆகாது."

இரண்டு டைனமிக்கில் ஒன்றுக்குத் தலை உருண்டை. பாட்டுக்காரர்கள் வாய்க்கு முன்னால் பிடிக்கிற வகை. நான் ஹலோ சொன்னது அதற்குத்தான். மற்றதுக்குத் தலை தட்டை. உருண்டைத் தலைக்குள் மூச்சுக்காற்றை மறிக்கப் பஞ்சு வைத்திருப்பார்களாம். கிற்றாருக்கு ஏது மூச்சு? தட்டைத் தலையை அம்பிளிபயரின் ஸ்பீக்கர் துணிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம். ஸ்னேரின் விளிம்புக்கு மேலே சரித்து வைக்கலாம், குச்சி படாது.

"பேரைப் பாத்து வாங்காதேங்கோ அண்ணை. உங்கடை சாமானுக்கு முன்னாலை வைச்சுக் கேட்டிட்டு வாங்குங்கோ" என்று தவமணி எங்கள் உரப் பைகளை அவிழ்த்தார்.

அம்பிளிபயரைக் கதிரையில் வைத்து, நாயகத்தை வாசிக்கச் சொன்னார். ஸ்பீக்கரின் நடுவுக்கு நேரே மைக்கை வைத்தபோது சத்தம் கூராக, குத்துகிற மாதிரி வந்தது. இரண்டு விரல் அளவு ஓரத்துக்கு நகர்த்தினார். கூர் மழுங்கி மெதுவானது. ஒரே மைக். ஒரே கிற்றார். இரண்டு விரலில் இத்தனை வித்தியாசமா? எனக்கே தெரிந்தது. சுப்பு ஸ்னேரை அடிக்க, கடைக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

நாயகம் ஹெட்போனை வலது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தட்டைத் தலை மைக்கை ஓரத்தில் வைத்துப் பதிந்ததைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓம்... இது என்ரை கிற்றார்தான்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சரியான இடத்தில் சொன்ன "ஓம்" அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விலைப்பட்டியலைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றுதான் வாங்க வசதி. அதற்கும் தவமணி வழி சொன்னார். முதலில் கிற்றாரைத் தனியாகப் பதிய வேண்டும். பிறகு அதே மைக்கை பேஸ் ட்ரம்முக்கும் ஸ்னேருக்கும் நடுவில் வைத்து, சுப்பு ஹெட்போனில் கிற்றாரைக் கேட்டபடி ட்ரம்மைப் பதிய வேண்டும். "அண்ணை ட்ரம் இரைச்சலுக்கை இருக்கவும் தேவையில்லை. அந்த நேரம் வெளியிலை நிண்டு பிளேன்ரீ குடியுங்கோ." டொக்டர் சொன்னதையும் மைக்குக்குள் அடக்கிவிட்டார் இந்தப் பெண்.

திங்கட்கிழமை சுப்பு வந்தார். நான் குசினியில் நின்றேன். நாயகம் கடலால் வந்து, குளித்து, மைக்கை ஸ்ராண்டில் பூட்டி, எல்லாம் தன் வழக்கப்படி ஆயத்தமாக வைத்திருந்தார். தவமணி சொன்ன இடத்தில், அம்பிளிபயரின் ஓரத்தில் மைக். முதலாவது மெட்டு. இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவதுக்கு அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டேன். ஹோலில் இருந்து அழகாகத்தான் வந்தது.

பிறகு பதிந்ததைப் போட்டுக் கேட்டார்.

ஹெட்போனைக் கழற்ற அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. கழற்றி, மடியில் வைத்து, "நல்லாயிருக்கு" என்றார்.

சுப்பு வாங்கிக் கேட்டார். "நல்லாயிருக்கு அண்ணே."

என்னைக் கூப்பிட்டுத் தந்தார்கள். கேட்டேன். என்னத்தைச் சொல்ல... அடுத்த வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. கடையில் கேட்ட தெளிவு இல்லை. வெறும் அமுங்கிய சத்தம்.

மனதுக்குள் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காது குறைந்த மனுஷன், பாவம், பிழையான மைக்கைத் தெரிந்தெடுத்துவிட்டார். அவருக்கு இந்தச் சத்தம்தான் நல்லதாகக் கேட்கிறதாக்கும். அதைச் சொல்லி அவருடைய மனதை நோகவைக்க நான் யார்?

"நல்லாயிருக்கு" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் போல.

அன்றைக்கு ட்ரம் பதியவில்லை. நாயகம் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். வாசலில் சுப்புவின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னது எனக்கு யன்னலுக்குள்ளால் கேட்டது.

"சுப்பு, இனிக் கல்யாண வீட்டு ஓடருகளுக்குக் கிற்றாருக்கு வேறை ஆரையும் பார் தம்பி. என்னை நம்பி இராதை."

"ஏண்ணே அப்படிச் சொல்றீங்க?"

"பார். சும்மா பார்."

செவ்வாய்க்கிழமை, கிற்றாரை மாதா கோயில் பாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஞாயிறு பூசைக்குப் போகும்போது கொண்டுபோவதாக முடிவு. புதன்கிழமை, ஆறு மெட்டையும் பற்றி இனிக் கதைக்கவேண்டாம் என்றார். சோறு போட்டால் சாப்பிட்டார். கேட்டால் "ஓம்" என்றார். வீட்டில் ஒரு மனுஷன் இருந்துகொண்டே இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அந்த மூன்று நாளும் பார்த்தேன். பயந்தும் போனேன்.

வியாழக்கிழமை பத்துமணி போல முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் போய் அவருடைய வலது பக்கத்தில் குந்தினேன். என்னால் தாங்கமுடியாத ஒன்று உண்டு என்றால் அது பொய்யை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிவது. அதுவும் மூன்று நாள்.

"இஞ்சாருங்கோ. திங்கக்கிழமை நான் ஒரு பொய் சொன்னனான்."

"ம்?"

"அந்தப் பாட்டு... நல்லாயிருக்கெண்டு சொன்னனான். நல்லா இருக்கேல்லை. கதவைச் சாத்திப்போட்டு வாசிச்ச மாதிரி இருந்தது. கோவிக்காதேங்கோ. மைக் பிழையாப் போச்சுது போலை."

வலைக்குள் ஓடிய ஊசி நின்றது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"உமக்குமோ?"

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் கேட்டது."

"மந்தமா?"

"மந்தமாத்தான்."

மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நான் நினைச்சன்... மிச்சக் காதும் போட்டுதெண்டு" என்றார்.

அவர் ஹெட்போனைக் கழற்ற ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடையில் தெளிவாகக் கேட்ட கிற்றார் வீட்டில் மந்தமாகக் கேட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலது காதும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். எங்களைப் பார்த்தார். சுப்பு "நல்லாயிருக்கு" என்றார். நான் "நல்லாயிருக்கு" என்றேன். சிரிப்பு வேறு. அப்போ, கேட்காதது தனக்கு மட்டும்தான் என்று அந்த மனுஷன் முடிவெடுக்காமல் வேறு என்ன செய்வார்?

அன்பில் சொன்ன பொய்தான். மூன்று நாளாக அவரை அந்த இருட்டுக்குள் தனியே இருத்தி வைத்தது அந்தப் பொய்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வலை ஊசி இரண்டு கைக்கும் நடுவில் குத்தியது. எடுக்கவில்லை.

"சுப்புவுக்கு அடியும்" என்றார்.

போனை அதன் பொலித்தீனுக்கு மேலாலேயே அழுத்தினேன். ஸ்பீக்கரில் போட்டு அவருடைய வலது காதுக்குக் கிட்டப் பிடித்தேன்.

"சுப்பு, உண்மையைச் சொல்லு. அண்டைக்குப் பாட்டு எப்பிடி இருந்தது?"

அந்தப் பக்கம் வயலில் உழவு மெஷின் சத்தம். பிறகு சுப்பு: "அண்ணே... போர்வைக்குள்ள இருந்து வாசிச்ச மாதிரி இருந்திச்சு. உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல்ல. வீட்ல வந்து மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல."

"என்ரை மனசு இப்பத்தான்ரா நல்லாயிருக்கு" என்றார் நாயகம்.

அடுத்தது தவமணி. நான்தான் கதைத்தேன். கொஞ்சம் கோபமாகவே தொடங்கினேன் என்று நினைக்கிறேன். கடையில் ஒரு சத்தம், வீட்டில் ஒரு சத்தம், இது என்ன விளையாட்டு என்றேன். தவமணி நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். மைக் அம்பிளிபயருக்குக் கிட்டவா? ஓம். ஓரத்தில் வைத்தீர்களா? ஓம். வயர் சரியாகப் பூட்டியிருக்கிறதா? ஓம்.

"மைக்கின்ரை தலைக்கு முன்னாலை ஏதும் மறைக்குதோ அக்கா?"

நான் ஹோலுக்குள் எட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை நின்ற அதே இடத்தில், அதே ஸ்ராண்டில் நின்றது மைக்.

"இல்லை. ஒண்டும் இல்லை. அந்தப் பொலித்தீன்தான்."

"எந்தப் பொலித்தீன்?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் — உண்மையாகச் சொல்கிறேன் — பிறகுதான் நான் அதைக் கண்ணால் கண்டேன்.

முதலில் பழைய சாரத்துணியில் ஒரு சுற்று. அதற்கு மேல் தடித்த பொலித்தீன், இரண்டு மடிப்பு. அதற்கு மேல் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் வளையம், இறுக்கமாக. படகு என்ஜினின் மாற்றுப் பிளக்கை அவர் எப்படிக் கட்டி வைப்பாரோ அதே கட்டு. புது மைக்கில் உப்புக்காற்றுப் படக்கூடாதே. நாயகம் கட்டினார். சுப்பு பார்த்தார், கடைக்கார அக்கா அப்படி வைக்கச் சொல்லியிருப்பா என்று நினைத்தாராம். நான் மூன்று நாளாக அதற்குப் பக்கத்தால் கூட்டிப் பெருக்கினேன். ரீவி ரிமோட்டும் போனும் பொலித்தீனுக்குள் இருக்கிற வீட்டில், மைக் பொலித்தீனுக்குள் இருந்தால் யாருக்குக் கண்ணில் படும்?

போனில் சத்தமே இல்லை. தவமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்று விளங்கியது. பிறகு பொத்தாமலே சிரித்தார். நானும் சிரித்தேன். நாயகம் எங்கள் இருவரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ரப்பர் வளையத்தைக் கழற்றினார்.

"கிட்ட வையுங்கோ எண்டு சொன்னனான். கழட்டுங்கோ எண்டும் சொல்லியிருக்கோணும்" என்றார் தவமணி. "என்னிலைதான் பிழை."

பாருங்கள், அவரும் நல்ல மனதோடு ஒரு பொய் சொல்லத் தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சுப்பு வயலை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார். மைக் வெறுந்தலையோடு நின்றது. நாயகம் முதலாவதை வாசித்தார். ஹெட்போனை வலது காதில் வைத்துக் கேட்டார். நாங்கள் இருவரும் அவருடைய முகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு சுப்பு ட்ரம்மைப் பதிந்தார். நாயகம் தவமணியின் கட்டளைப்படி வெளியில் நின்று பிளேன்ரீ குடித்தார். இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சுப்பு, கடைசிச் சுற்றிலை ஓடுறாய் நீ. பஸ் பிடிக்கப் போற ஆள் மாதிரி."

சுப்புவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பரிசு வாங்கிய பிள்ளை தோற்றுப்போகும். "ஓடறேனாண்ணே? தெரியுதா உங்களுக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார். திரும்ப அடித்தார். இந்த முறை ஓடவில்லை.

கிற்றார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனது உண்மைதான். பூசையில் அவரே வாசித்தார். மத்தியானம் அவரோடேயே திரும்பி வந்தது.

நான் மாயம் ஒன்றும் சொல்லவரவில்லை. இடது காது போனது போனதுதான். வலதும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆறு மாதம் முடிய கிளினிக்குக்குப் போவோம். மெஷின் வரும். இப்போது படகில் போகும்போது காதுக்குப் பஞ்சுக்குப் பதில் டொக்டர் சொன்ன அடைப்பான் போடுகிறார். நான் பஸ்ஸிலும் பூசையிலும் முற்றத்திலும் அவருடைய வலது பக்கத்தில் இருக்கப் பழகிவிட்டேன். குசினிக்குள் நின்று கத்துவதை விட்டுவிட்டேன். கிட்டப் போய்ச் சொல்கிறேன். மந்தமான காதுக்கு என்ன வேண்டும் என்று தவமணி கடையிலேயே சொல்லிவிட்டார் அல்லவா? கிட்ட வேண்டும். உறை இல்லாமல் வேண்டும். இரண்டாவதை நாங்களாகக் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது.

நோயாளிக்கும் வயதானவருக்கும் மனம் நொந்தவருக்கும் நாங்கள் எத்தனை "நல்லாயிருக்கு" சொல்கிறோம். மெலிந்துபோனவரிடம் உடம்பு தேறிவிட்டது என்கிறோம். அவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். தாங்கள் காண்பதும் நாங்கள் சொல்வதும் பொருந்தவில்லை என்றால், பிழை தங்களில்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது தெரிவதில்லை. நாங்கள் நல்ல பிள்ளைகளாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

நேற்று மூன்றாவது மெட்டைப் பதிந்தார். நான் ஹோலுக்குள் கதிரை போட்டு இருந்தேன். வாசிக்கும்போது வழக்கம்போல என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் தான் ஒருதரம் கேட்டுவிட்டு, ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

கேட்டேன். என் பாட்டு. அவருடைய விரல் கம்பியில் உரசுகிற சத்தம்கூடக் காதுக்குள் கேட்டது. பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு நல்லாயிருந்தது. ஒரேயொரு இடத்தைத் தவிர.

"எப்பிடி?" என்றார்.

எழுந்து அவருடைய வலது பக்கம் போனேன்.

"நடுவிலை ஒரு இடத்திலை கொஞ்சம் இழுபடுது."

கிற்றாரை மறுபடி மடியில் ஏற்றிக்கொண்டார். இந்த முறை என் பக்கம் திரும்பியே இருந்தார்.

"ஓம்" என்றார். "எனக்கும் அப்பிடித்தான் கேட்டது."

மைக்குக்கு இப்போது உறை இல்லை. ரீவி ரிமோட்டுக்கு இருக்கிறது — அது எனக்குப் பிடிக்கவேயில்லை என்ற உண்மையை ஆறாவது மெட்டும் முடிந்தபிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்.